அறை வெப்பநிலை

'அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரம்
உப்ப விடவும்' என்கிறது குறிப்பு.
யாருடைய அறை என்று சொல்லவில்லை.

வில்லிவாக்கம். மூன்றாம் மாடி. மேற்குச் சுவர்.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள்.
முப்பத்தைந்தே நிமிடத்தில்
ஈரத்துணியைத் தலையால் முட்டித் தூக்கி
எட்டிப் பார்க்கிறது மாவு.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் நுரைக்கும் தாய்மாவுக்கு
'ஹவுஸ் ஓனர்' என்று பெயர் வைத்தவள் ஷெரிபா.
எவ்வளவு கொடுத்தாலும் கேட்கும் என்பாள்.
மஸ்கட்டில் வேலை கிடைத்ததும்
பாட்டிலின் வயிற்றில் ரப்பர் பேண்டு மாட்டி
'இது வரைக்கும் ஏறினா உயிரோட இருக்கு'
என்று என் தலையில் கட்டிவிட்டுப் பறந்துவிட்டாள்.
எனக்கு அதுவரை
பன் வாங்கத்தான் தெரியும்.

குளோரின் வாசம் பட்டால் சுருண்டுவிடுமாம்.
நான் குடிப்பது மெட்ரோ வாட்டர்,
ஓனருக்குக் கேன் தண்ணீர்.

முதல் ரொட்டியைப் பார்த்து
இஸ்திரி வண்டிக்காரர் ஏழுமலை
சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கேட்டார்.
விளையாட்டுக்குத்தான்.
கொடுத்தேன்.
நின்றது வண்டி.

பிசையும்போது விரலிடுக்கெல்லாம் ஏறிக்கொண்டு
விடவே விடாது.
இன்னொரு கை மைதா போடத் தோன்றும். போடக்கூடாது.
எட்டாம் நிமிடமோ ஒன்பதாம் நிமிடமோ
சண்டை முடிந்ததைச் சொல்லாமலே முடித்துக்கொள்கிறவரைப்போல
தானாகக் கையை விடும்.
ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது.
ஒரு கையால் அதையும்
மறு கையால் என் காதுமடலையும் தொட்டுப் பார்ப்பேன்.
அலுவலகம் போனபின் யாராவது சொல்வார்கள்,
காதில் மாவு.

நேற்றிரவு
இருநூற்று இருபது டிகிரியில் பதினெட்டாம் நிமிடம்
கரண்ட் போனது.
எதிர்வீட்டு சீரியல் பாதி அழுகையில் நின்றது.
தெரு முழுக்க ஒரு 'ஓ...'

திறந்தால் அமுங்கிவிடும்.
ஓவன் கண்ணாடியில் செல்போன் வெளிச்சம் அடித்தபடி
தரையில் உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே வெளுத்த முகத்தோடு அது.

ஃப்ரிட்ஜிலோ
சுக்கு, மிளகு, கிராம்பு தட்டிப்போட்டு
பனைவெல்லத்தில் இறுக வைத்த பிஸ்கட் மாவு
இளகத் தொடங்கியிருந்தது.
எத்தனை நேரம் ஒருத்தி
கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.
குக்கரின் கேஸ்கட்டைக் கழற்றினேன், வெயிட்டையும்.
அடியில் கல்லுப்பு பரப்பி,
வட்டம் உருட்டித் தட்ட நேரமில்லாமல்
இட்லித் தட்டின் குழிகளிலேயே அழுத்தி
உள்ளே இறக்கினேன்.

கிராம்புதான் முதலில் கிளம்பியது.
கதவிடுக்கில் நுழைந்து
காற்றுக்காகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களைத்
தளம் தளமாக விசாரித்துக்கொண்டு இறங்கியது.
கீழ்வீட்டு யோவான் இருட்டிலிருந்து கேட்டான்:
'அக்கா, இன்னிக்கு கிறிஸ்மஸா?'
மே மாதம். அவனுக்கு ஆறு வயது.
இல்லை என்று சொல்ல
எனக்கும் சரியான காரணம் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு பிஸ்கட்.
ஒவ்வொன்றின் முதுகிலும் இட்லித்தட்டின் ஓட்டைத் தழும்பு.
இரண்டு அடிபிடித்தவை.
இருட்டில் யாருக்கும் தெரியவில்லை,
கசப்பை மிளகு என்று நினைத்துக்கொண்டார்கள்.
ஏழுமலை பாதியைக் கடித்துவிட்டுச் சொன்னார்:
'இது சக்கரத்துக்கு ஆவாதும்மா.'

பத்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது.
ரொட்டி மேலே வெளுப்பு, நடுவில் களி.
படம் எடுத்து ஷெரிபாவுக்கு அனுப்பினேன்.
அவளும் ஒரு ஸ்பூன் ஓனரைக்
காயவைத்துப் பொட்டலமாகக் கொண்டுபோயிருந்தாளாம்,
என்னிடம் சொல்லவே இல்லை.
'இங்க ஏசி பதினெட்டுலயே கெடக்கு,
ரூம்மேட்ஸ் குறைக்க விடமாட்டாங்க.
நாலு நாளா அசையல.
உன் ரூமைக் கொஞ்சம் அனுப்பேன்.'

மணி பன்னிரண்டு. சுவரில் கை வைத்தேன்.
பகல் இன்னும் உள்ளே இருந்தது.

காலையில்
ரப்பர் பேண்டைத் தாண்டி, மூடியைத் தள்ளி,
பக்கத்திலிருந்த தோசைமாவுத் தூக்கின் மேல்
வழிந்துகிடந்தது ஓனர்.
துடைத்தேன்.
இரண்டு ஸ்பூன் மைதா, இரண்டு ஸ்பூன் கேன் தண்ணீர்.